ஆறாம் பாகம் எங்கே?

அமெரிக்காவிலே, நியூ மெக்ஸிகோ மாகாணத்தைச் சேர்ந்த ஸாண்டா ஃபே என்னும் ஊரில் ஒரு முதியவர் வசிக்கிறார். அவருடைய தேக ஆரோக்கியத்தைப் பற்றி உலகமெங்கும் லக்ஷக்கணக்கான ஜனங்கள் விசாரப்பட்டுக்கொண்டிருக்கிறார்கள். அவர் பருத்த சரீரமுடையவர் என்பது அவர்களுக்கு ஒரு விசாரம். கால்பந்துப் பந்தயம் பார்த்துப் பொழுது போக்கினார் என்று தெரிந்தால் மற்றொரு விசாரம். வெளியூர் கிளம்பினார் என்றால் அது எல்லாவற்றையும்விடப் பெரிய விசாரம். இத்தனை பேரும் அவருக்குப் பந்துக்களா என்றால், இல்லை. பெரும்பாலோர் அவரை நேரில் கண்டதுகூடக் கிடையாது. விஷயம் இதுதான்: அவர் அவர்களுக்கு ஒரு புஸ்தகம் பாக்கி வைத்திருக்கிறார். அல்லது, பாக்கி வைத்திருப்பதாக அவர்கள் நினைக்கிறார்கள். அந்தப் பாக்கி உண்டா, இல்லையா என்பதே வழக்கு.

முதியவரின் பெயர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின். 1948-ம் வருஷம் நியூ ஜெர்ஸி மாகாணத்தில் பேயோன் என்ற துறைமுகப் பட்டினத்தில், கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் தொழிலாளி ஒருவரின் புதல்வராய்ப் பிறந்தவர். சிறு பிராயத்திலேயே பூதக் கதைகள் எழுதி, அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குச் சில்லறைக் காசுக்கு விற்று, அபிநயத்துடன் வாசித்தும் காட்டுவாராம். அவருக்கும் வாசகர்களுக்கும் உள்ள கொடுக்கல் வாங்கல் அப்பொழுதே ஆரம்பமாகிவிட்டது எனலாம். ஆனால் பேயோன் குழந்தைகள் பாக்கியசாலிகள்; காசு கொடுத்தவுடன் கதை முழுவதும் கைக்கு வந்து சேர்ந்தது.

வளர்ந்தபின் விஞ்ஞானக் கற்பனைக் கதைகள் எழுதிப் பரிசுகள் பெற்றார். பிறகு சுமார் பத்து வருஷம் ஹாலிவுட்டில் தொலைக்காட்சிக்காகக் கதை வசனம் எழுதினார். அங்கே அவர் எதை எழுதிக் கொடுத்தாலும், "மிகவும் நீளம், மிகவும் செலவு பிடிக்கும், பாத்திரங்களைக் குறையுங்கள்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார்களாம். சலித்துப்போன மனிதர், யாராலும் படம் பிடிக்க முடியாத அளவுக்குப் பெரிதாக ஒரு கதை எழுதிவிடுவது என்று தீர்மானித்தார். 1991-ம் வருஷத்துக் கோடையில் வேறொரு நாவலை எழுதிக்கொண்டிருந்தபோது, ஒரு சிறுவன் சிரச்சேதம் ஒன்றைப் பார்க்கிறான், திரும்பும் வழியில் பனியில் ஓநாய்க் குட்டிகளைக் காண்கிறான் என்ற காட்சி திடீரென்று அவர் மனத்தில் தோன்றியது. கைவேலையை ஒதுக்கிவிட்டு அதை எழுதினார். அந்தக் காட்சியிலிருந்து கிளைத்ததுதான் 'எ ஸாங் ஆஃப் ஐஸ் அண்ட் ஃபயர்'. நம் மொழியில், பனியும் நெருப்பும் பாடும் பாட்டு என்று வைத்துக்கொள்ளலாம்.

மூன்று பாகங்களில் முடித்துவிடுவதாக அவர் உத்தேசம். முதற் பாகம் 1996-ல் வந்தது, இரண்டாம் பாகம் 1998-ல், மூன்றாவது 2000-ல். நாளடைவில் மூன்று என்பது ஏழாக வளர்ந்துவிட்டது. நாலாம் பாகத்துக்கு ஐந்து வருஷம் ஆயிற்று, 2005-ல் வெளிவந்தது. ஐந்தாம் பாகத்துக்கு ஆறு வருஷம். 2011 ஜூலையில் வெளிவந்தது. ஆறாம் பாகத்துக்கு 'தி விண்ட்ஸ் ஆஃப் விண்டர்' என்று நாமகரணம் செய்து வெகு காலமாகிறது. 2025 ஜூலையில், ஐந்தாம் பாகம் வெளிவந்து பதினாலு வருஷங்கள் பூர்த்தியாயின. நாமகரணமான குழந்தை அப்போதும் பிறக்கவில்லை. ஏழாவதைப் பற்றிப் பேச்செடுப்பதையே வாசகர்கள் விட்டுவிட்டார்கள்.

கதையைப் படியாத நேயர்களுக்காக இரண்டு வார்த்தை. வெஸ்டரோஸ் என்பது ஒரு கற்பனைக் கண்டம். அங்கே ஒரு கோடை பல வருஷம் நீடிக்கும், குளிர்காலமும் அப்படியே. வடக்கு எல்லையில் எழுநூறு அடி உயரமுள்ள பனிக்கட்டி மதில் ஒன்று உண்டு. 1981-ம் வருஷம் இங்கிலாந்தில், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் மதிலின்மேல் நின்று வடக்கே பார்த்தபோது தோன்றிய எண்ணம் அது என்று ஆசிரியர் சொல்லியிருக்கிறார். மதிலுக்கு அப்பால் செத்தவர்கள் எழுந்து நடக்கிறார்கள். இப்பாலோ, சிங்காதனத்துக்காகப் பிரபு வம்சங்கள் ஒன்றையொன்று அறுத்துக்கொண்டிருக்கின்றன. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் யார்க் வம்சத்தாரும் லங்காஸ்டர் வம்சத்தாரும் நடத்திய ரோஜாப்பூ யுத்தங்களைச் சரித்திர வகுப்பில் படித்தவர்களுக்கு இங்கே பழைய முகங்கள் பல தென்படும். நெருப்புக் கக்கும் பறவை நாகங்களும் உண்டு. ஆனால் கதையின் பலம் அவற்றில் இல்லை.

பலம் எங்கேயென்றால், இந்தக் கதையில் நல்லவனுக்குக் காப்பு ரேகை கிடையாது. டோல்கீன் எழுதிய 'லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்' நூலில், அரகார்ன் பட்டத்துக்கு வந்து வெகு காலம் நன்றாக ஆண்டான் என்று கதை முடிகிறது. மார்ட்டின் டோல்கீனிடம் மிகுந்த பக்தியுள்ளவர். ஆயினும், அரகார்ன் என்ன வரி விதித்தான், நிரந்தரச் சேனை வைத்துக்கொண்டானா, பஞ்சம் வந்தபோது என்ன செய்தான் என்றெல்லாம் குறுக்குக் கேள்வி போடுகிறார். நல்ல மனிதனாக இருந்துவிட்டால் நல்ல அரசனாகிவிடலாம் என்பதை அவர் ஒப்புவதில்லை. முதற் பாகத்தில், கதாநாயகன் என்று நாம் நம்பி உடன் நடந்து வந்த கண்ணியமான மனிதருக்கு என்ன நேருகிறது என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டுப் புஸ்தகத்தைச் சுவரில் வீசி எறிந்தவர்கள் உண்டு. வீசி எறிந்துவிட்டு மறுபடி பொறுக்கி எடுத்து வந்தவர்கள் அதைவிட அதிகம்.

ஓர் எச்சரிக்கையும் செய்துவிடுகிறேன். இது குழந்தைகள் கையில் கொடுக்கத் தகுந்த நூலன்று. கொலையும் காமமும் ஒளிவுமறைவின்றி வருகின்றன. தலைப்பில் 'பாட்டு' என்றிருப்பதைப் பார்த்துப் பரிசளிப்பு விழாவுக்கு வாங்கிவிட வேண்டாம்.

இனி வழக்குக்கு வருவோம். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் கற்பிக்கும் நண்பர் ஒருவர் வாதி. கணிதம் கற்பிக்கும் அம்மாள் பிரதிவாதியின் வக்கீல். இடைவேளையில் ஆசிரியர்கள் அறையில் இவர்கள் நடத்தும் விவாதத்தை நான் பல நாள் கேட்டிருக்கிறேன்.

"நீங்கள் விலை கொடுத்தது ஐந்து புஸ்தகத்துக்கு, ஐந்தும் உங்கள் வீட்டு அலமாரியில் இருக்கின்றன. பிறகு என்ன பாக்கி, ஸார்?" என்பார் கணித அம்மாள்.

"இலை போட்டு உட்கார வைத்து, ரஸம் வரையில் பரிமாறிவிட்டு, மோரைக் கொண்டுவராமல் உள்ளே போய்விட்டால், பந்தியிலிருந்து எப்படி அம்மா எழுந்திருக்கிறது? உட்கார்ந்திருக்கிறவனைப் பார்த்து, 'சாப்பிட்ட மட்டுக்கும் சரியாய்ப் போயிற்று, போய்விட்டு வா' என்பதா?" என்பார் நண்பர்.

இருவர் கட்சிக்கும் உலகத்தில் பெருந்திரளான ஆதரவு இருக்கிறது. 2009-ம் வருஷத்திலேயே, அதாவது ஐந்தாம் பாகத்துக்காகக் காத்திருந்த காலத்திலேயே, இந்தச் சண்டை உச்சத்துக்குப் போயிற்று. கோபங்கொண்ட வாசகர்கள் மார்ட்டினுக்கு எழுதிய கடிதங்களில் அவருடைய தினசரி நடவடிக்கைகளுக்கெல்லாம் கணக்குக் கேட்டார்கள். பந்தயம் ஏன் பார்க்கிறீர்? பிறர் எழுதிய கதைகளைத் தொகுத்து ஏன் பதிப்பிக்கிறீர்? பிரயாணம் ஏன் போகிறீர்? மார்ட்டின் சற்றே சூடாகத்தான் பதில் எழுதினார். அதே வருஷத்தில் பெயர்பெற்ற மற்றோர் ஆங்கில எழுத்தாளர் அவருக்குப் பரிந்துகொண்டு வந்தார். முதற் பாகத்தை விலைக்கு வாங்கியதனால் மீதிப் பாகங்களுக்கு ஆசிரியரோடு ஒப்பந்தம் ஏற்பட்டுவிடவில்லை, அவர் உங்கள் வேலைக்காரர் அல்லர் என்பது அவர் தீர்ப்பின் சாரம். அவர் அதைச் சொன்ன வார்த்தைகள் இந்தப் பத்திரிகையில் அச்சிடத் தகுந்தவையல்ல. கணித அம்மாளின் கட்சிக்கு வேதவாக்கியம் அன்று முதல் இதுதான்.

பொறுமைக் கட்சியில் வெறும் பொறுமைசாலிகள் மட்டும் இல்லை. கதையை ஆசிரியரைவிட நன்றாக அறிந்தவர்களும் இருக்கிறார்கள். ஸ்வீடன் தேசத்தில் எலியோ கார்ஸியா, லிண்டா அன்டான்ஸன் என்ற தம்பதிகள் ஆரம்பத்தில் சாதாரண வாசகர்களே. எந்தப் பிரபுவுக்கு எத்தனை பிள்ளைகள், எந்தக் கொடியில் என்ன சின்னம், யாருடைய கண் என்ன நிறம் என்பதையெல்லாம் அவர்கள் சேகரித்து வைத்திருந்தார்கள். பழைய பாகங்களில் தாம் எழுதியது ஞாபகமில்லாதபோது மார்ட்டினே அவர்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலானார். முடிவில் 2014-ம் வருஷம் அந்தக் கற்பனை உலகத்தின் சரித்திரத்தையும் பூகோளத்தையும் சொல்லும் பெரிய நூல் ஒன்று மூவர் பெயரிலும் வெளிவந்தது. ஆறாம் பாகம் வராத வருஷங்களை இவர்கள் வீணாய்ப் போனவையாக எண்ணியிருக்க மாட்டார்கள்.

2011-ம் வருஷம் ஏப்ரலில் மற்றொரு சம்பவம் நடந்தது. படம் பிடிக்கவே முடியாது என்று எண்ணி எழுதிய கதை, முதற் பாகத்தின் பெயராலேயே 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' என்ற தொலைக்காட்சித் தொடராக வந்துவிட்டது! அது பூமியெங்கும் அடைந்த பிரசித்தியை நான் சொல்ல வேண்டியதில்லை. புஸ்தகம் படியாதவர்கள் கோடிக்கணக்கில் கதைக்குள் வந்து சேர்ந்தார்கள். 1996 முதல் காத்திருந்த பழைய வாசகர்கள், கோவிலில் அதிகாலையிலிருந்து நிற்பவர்கள் விசேஷ தரிசனச் சீட்டுக்காரர்களைப் பார்ப்பதுபோல் இவர்களைப் பார்த்தார்கள். வேடிக்கை என்னவென்றால், 2016-ம் வருஷம் சீட்டுக்காரர்கள் முன்னே போய்விட்டார்கள். தொடர், புஸ்தகத்தைத் தாண்டிவிட்டது. இருபது வருஷம் காத்திருந்தவர்கள் கதையின் ரகசியங்களைப் பக்கத்து வீட்டுப் பையன் வாயால் கேட்க நேர்ந்தது.

2019 மே மாதத்தில் எட்டாம் பருவத்தோடு, எழுபத்துமூன்று கதைப்படலங்களில், தொடர் முடிந்தது. முடிவு பலருக்குப் பிடிக்கவில்லை. கடைசிப் பருவத்தைத் திரும்ப எடுத்துக் காட்ட வேண்டுமென்று பதினைந்து லக்ஷம் பேருக்கு மேல் கையொப்பமிட்டு விண்ணப்பம் தயாரித்தார்கள். அன்று முதல் வாசகர்களிடையே மூன்றாவது கட்சி ஒன்று தோன்றியிருக்கிறது. "முடிவு தெரிந்துவிட்டது, இனிப் புஸ்தகம் வந்தாலென்ன, வராவிட்டாலென்ன?" என்பது அவர்கள் கொள்கை. எனக்கு மிகவும் வருத்தம் தருகிற கட்சி இது. கோபிக்கிறவன் இன்னும் பந்தியில் உட்கார்ந்திருக்கிறான். இவர்கள் கை அலம்பிக்கொண்டு போய்விட்டார்கள்.

இனி, ஆறாம் பாகம் ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு வருகிறேன். சோம்பல் என்கிறார்கள் சிலர்; செல்வம் சேர்ந்துவிட்டதால் வந்த அலக்ஷியம் என்கிறார்கள் சிலர். ஸாண்டா ஃபேயில் மூடிக் கிடந்த பழைய சினிமாக் கொட்டகை ஒன்றை அவர் விலைக்கு வாங்கி 2013-ல் திறந்ததையும், வெஸ்டரோஸின் பூர்வ அரசர்களைப் பற்றித் தனி நூல் எழுதி 2018-ல் வெளியிட்டதையும், அதை வைத்து 2022-ல் மற்றொரு தொலைக்காட்சித் தொடர் கிளம்பியதையும் சாக்ஷியாகக் காட்டுகிறார்கள். இவற்றில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆயினும் மூல காரணம் அவர் எழுதும் முறையிலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன்.

மார்ட்டினே அதை விளக்கியிருக்கிறார். எழுத்தாளர்களில் கட்டடச் சிற்பிகள் ஒரு வகை, தோட்டக்காரர்கள் ஒரு வகை என்பார். சிற்பி, எத்தனை அறை, எங்கே வாசற்படி, எங்கே ஜன்னல் என்று படம் போட்ட பின்னர்தான் அஸ்திவாரம் தோண்டுகிறான். தோட்டக்காரனோ விதையைப் போட்டுத் தண்ணீர் ஊற்றுகிறான். இன்ன விதை என்று தெரியும், எத்தனை கிளை விடும் என்று தெரியாது. தாம் பெரும்பாலும் தோட்டக்காரர் என்று அவர் ஒப்புக்கொள்கிறார்.

தோட்டம் அவருக்கு என்ன செய்தது என்று பாருங்கள். கதையின் முக்கிய பாத்திரங்கள் பலர் சிறு பிள்ளைகள். கதை நடக்க நடக்க இவர்கள் வளர்ந்துவிடுவார்கள் என்று எண்ணித்தான் தொடங்கினார். ஆனால் ஓர் அத்தியாயம் முடிந்த மறுநாளே அடுத்த அத்தியாயம் தொடங்குகிறதே. பிள்ளைகள் எப்போது வளர்வது? மூன்றாம் பாகம் முடிந்ததும் ஐந்து வருஷத்தைத் தாண்டிக் குதித்துவிடுவது என்று தீர்மானித்து, அவ்விதமே எழுதவும் செய்தார். சில பாத்திரங்களுக்கு அது பொருந்திற்று. மற்றவர்கள் ஐந்து வருஷம் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அதைச் சொல்வதற்கு அவர்கள் ஒவ்வொருவரும் பழைய நினைவுகளில் மூழ்க வேண்டியதாயிற்று. எழுதியதையெல்லாம் தள்ளிவிட்டு, குதிக்காமலே நடப்பது என்று மறுபடி தொடங்கினார். அப்படி எழுதியது ஒரே புஸ்தகமாகக் கட்ட முடியாத அளவுக்குப் பெருத்துவிட்டது. காலத்தை நடுவில் வெட்டாமல் இடத்தை வைத்து இரண்டாய்ப் பிரித்தார். பாதிப் பேர் நாலாம் பாகத்தில், பாதிப் பேர் ஐந்தாம் பாகத்தில். அதன் பலனாக, 2005-ல் ஐந்து வருஷம் காத்திருந்து நாலாம் பாகத்தை வாங்கியவர்கள் அதில் டிரியன் எங்கே, ஜான் ஸ்னோ எங்கே, டெனேரிஸ் எங்கே என்று தேடிக் காணாமல் திகைத்தார்கள்.

ஐந்தாம் பாகத்தில் மற்றொரு முடிச்சு விழுந்தது. மீரீன் என்ற தூரதேசத்து நகரத்தை நோக்கிப் பல பாத்திரங்கள் பல திசைகளிலிருந்து கிளம்பிவிட்டார்கள். யார் முதலில் போய்ச் சேருவது, யார் போனபோது என்ன நடந்திருக்க வேண்டும், அதை யார் கண்ணால் நாம் பார்ப்பது? ஒருவரை முன்னால் அனுப்பினால் மற்றவருடைய கதை கெட்டது. பல தடவை எழுதி, பல தடவை கிழித்து, முடிவில் அந்த நகரத்திலிருந்த கிழப் போர்வீரன் ஒருவனைப் புதிதாகக் கதை சொல்பவனாக்கி முடிச்சை அவிழ்த்தார். பள்ளிக்கூடத்தில் கால அட்டவணை தயாரித்தவர்களுக்கு இந்தச் சங்கடம் உடனே விளங்கும். நாலாம் வகுப்புக் கணக்குப் பாடத்தை ஒரு மணி முன்னால் தள்ளினால் ஏழாம் வகுப்புக்குத் தமிழ் வாத்தியார் இல்லாமற் போய்விடுகிறார். எங்களுக்கு இருபது வாத்தியார்கள். அவருக்கோ பெயருள்ள பாத்திரங்களே ஆயிரத்துக்கு மேல்.

இந்த முறையை விட்டுவிடும்படி அவரைக் கேட்கலாமா? கோபக் கட்சியாருக்கு என் கேள்வி இதுதான். முதல் மூன்று பாகங்களில் உங்களைத் தூங்கவிடாமல் அடித்தது எது? இந்த மனிதர் அடுத்த அத்தியாயத்தில் இருப்பாரா, இருக்கமாட்டாரா என்று ஊகிக்க முடியாமல் தவித்தீர்களே, அந்தத் தவிப்பு எங்கிருந்து வந்தது? படம் போட்டுக் கட்டிய வீட்டில் அனுபவமுள்ள வாசகன் இருட்டில்கூட வாசற்படியைக் கண்டுபிடித்துவிடுவான். மார்ட்டினின் தோட்டத்தில் கண்டுபிடிக்க முடியவில்லை. உங்களுக்கு எது இன்பமாயிருந்ததோ அதுவே தாமதத்துக்கும் தாய். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றொன்றைத் தள்ளிவிட வழியில்லை.

அதற்காகத் தோட்டக்காரர் பேரில் குற்றமே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. நாலாம் பாகத்திலும் ஐந்தாம் பாகத்திலும் அவர் விதை தூவிக்கொண்டே போனார், களை எடுக்கவில்லை. கதை முடியவேண்டிய திசையில் திரும்பியிருக்க வேண்டிய சமயத்தில் புதிய தீவுகளும் புதிய இளவரசர்களும் வந்து சேர்ந்தார்கள். மூன்றாம் பாகத்தின் கட்டுக்கோப்பு பிறகு வரவேயில்லை என்பது என் அபிப்பிராயம். கணித அம்மாள் இதற்காக என்னோடு இரண்டு நாள் பேசாமலிருந்தார்.

மற்றொரு விஷயத்தில் கோபக் கட்சியின் பக்கமே நியாயம் அதிகம். அது வாய்தா விஷயம். நாலாம் பாகத்தின் கடைசியில் வாசகர்களுக்கு ஒரு குறிப்பு எழுதி, ஐந்தாம் பாகம் மறு வருஷமே வருமென்று நம்புவதாகச் சொன்னார்; வந்தது ஆறு வருஷம் கழித்து. ஆறாம் பாகத்துக்கும் வாய்தாக்கள் ஏற்பட்டன, தவறின. 2016 ஜனவரியில், தொலைக்காட்சி புஸ்தகத்தை முந்தப்போகிறது என்று நிச்சயமானவுடன், பதிப்பாளருக்குக் கொடுத்த இரண்டு கெடுவும் தவறிவிட்டன, புஸ்தகம் முடியவில்லை என்று அவர் பகிரங்கமாக எழுதினார். மனம் நொந்து எழுதிய குறிப்பு அது. அதைப் படித்த கோபக்காரர்களில் பலர் சாந்தமடைந்தார்கள் என்பது கவனிக்கத் தக்கது. அவர்கள் கேட்டது புஸ்தகம் மட்டுமன்று. தங்களுக்கு உண்மை நிலையைச் சொல்ல வேண்டுமென்றும் கேட்டார்கள்.

ஆனால் பழக்கம் போகவில்லை. 2019-ம் வருஷம் நியூஸிலாந்துக்காரர்கள், தங்கள் தேசத்துக்கு வந்து அமைதியாக எழுதி முடிக்கலாமென்று அழைத்தார்கள். மறு வருஷம் அங்கே நடக்கவிருந்த மகாநாட்டுக்கு வரும்போது ஆறாம் பாகம் கையிலில்லையென்றால், வெள்ளைத் தீவு என்ற எரிமலைத் தீவில், கந்தகத் திராவக ஏரிக்கு எதிரே ஒரு குடிசையில் தம்மைச் சிறைவைக்கலாம் என்று மார்ட்டின் வேடிக்கையாகப் பதில் எழுதினார். 2019 டிஸம்பரில் அந்த எரிமலை உண்மையாகவே வெடித்து இருபத்திரண்டு பேர் மாண்டார்கள். 2020-ல் கொள்ளை நோயினால் மகாநாடு நேரில் கூடவேயில்லை. ஹாஸ்யமாகச் சொன்ன வாய்தாவும் இப்படி முடிந்தால் மனிதர் என்ன செய்வார்! 2022-ல், ஆயிரத்து நூறு, ஆயிரத்து இருநூறு பக்கம் ஆகியிருக்கிறது என்றார். அந்தத் தொகை பிறகு எவ்வளவு உயர்ந்தது என்று வாசகர்கள் நிலவரம் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

பாக்கி உண்டா என்று கேட்டால் என் தீர்ப்பு இதுதான். புஸ்தகம் பாக்கியில்லை. கதை ஒன்றைத் தொடங்குகிறவன் முடிக்கப் பிரயத்தனம் செய்யக் கடமைப்பட்டவன். முடித்தே தருவதாக யாரும் பத்திரம் எழுதிக் கொடுக்க முடியாது. சார்ல்ஸ் டிக்கன்ஸ் 'எட்வின் ட்ரூட்' என்ற நாவலை மாதம் ஒரு பகுதியாகப் பன்னிரண்டு பகுதி எழுதத் திட்டமிட்டு, ஆறு பகுதி எழுதிய நிலையில் 1870 ஜூனில் காலமானார். கொலை செய்தது யார் என்று நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாகத் தர்க்கம் நடக்கிறது. டிக்கன்ஸ் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை. ஆனால், வருகிறேன் என்று தேதி சொன்னவர் அந்தத் தேதிக்குப் பாக்கிதான். இன்னும் தெரியவில்லை என்ற ஒரு வார்த்தையை ஆரம்பம் முதலே சொல்லிக்கொண்டு வந்திருந்தால், கோபத்தில் பாதி எழுந்திராது.

கோபக் கட்சியில் ஒரு பிரிவாரை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அவர்கள் ஆசிரியரின் வயதைக் கணக்குப் போடுகிறவர்கள். இதற்கு அவர்கள் சொல்லும் முன்னுதாரணம் ராபர்ட் ஜார்டன் என்பவருடையது. 'தி வீல் ஆஃப் டைம்' என்ற நெடுங்கதையை 1990-ல் தொடங்கிய ஜார்டன், தமக்குக் கடுமையான வியாதி கண்டிருப்பதாக 2006-ல் வாசகர்களுக்குத் தாமே தெரிவித்து, 2007 ஸெப்டம்பரில் காலமானார். கடைசி நாட்களில் முடிவை வீட்டாருக்கு வாயால் சொல்லி, குறிப்புகளும் எழுதி வைத்தார். அவருடைய மனைவி ஹாரியட் மக்டூகல்தான் அவர் நூல்களின் பதிப்பாசிரியை. ஜார்டன் மறைந்தபோது பிராண்டன் ஸாண்டர்ஸன் என்ற இளம் எழுத்தாளர் எழுதிய அஞ்சலியைப் படித்துவிட்டு, இவர் முடிக்கட்டும் என்று அந்த அம்மாள் தீர்மானித்தார். மூன்று பாகங்களில், 2013 ஜனவரியில், பதினாலாம் பாகத்தோடு கதை முடிந்தது. ஜார்டனின் குரல் இதில் இல்லையே என்று ஏங்கியவர்கள் உண்டு. வேகம் இப்போதுதான் வந்தது என்றவர்களும் உண்டு.

நல்ல ஏற்பாடுதான். ஆனால் அது ஜார்டன் தாமே விரும்பிச் செய்தது. உயிரோடு எதிரே உட்கார்ந்திருக்கிற மனிதரைப் பார்த்து, "உமக்குப் பின் யார் முடிப்பது?" என்று கேட்பது வேறு. 2014-ம் வருஷம் ஸ்விட்ஸர்லாந்துப் பத்திரிகை ஒன்று இந்தக் கவலையைப் பற்றி வினவியபோது, மார்ட்டின் அத்தகையவர்களுக்கு ஒரு சொல்லையும் ஒரு சைகையையும் பதிலாகக் கொடுத்தார். இரண்டுமே வகுப்பறைக்கு உதவாதவை. எனினும் அதைக் கேட்டு எனக்குத் திருப்தி ஏற்பட்டது என்பதை மறைக்க மாட்டேன். அப்படியும் 2025 ஆகஸ்டில் ஸீயாட்டில் நகரத்து ரஸிகர் மகாநாட்டில், நீர் இன்னும் வெகு காலம் இருக்கப்போவதில்லை என்ற பீடிகையோடு முகத்துக்கு நேரே கேட்டுவிட்டார்கள். கூடியிருந்த மற்ற ரஸிகர்களே அதை அடக்கினார்கள். அந்தக் கூட்டத்திலும் ஆறாம் பாகத்துக்காகக் காத்திருந்தவர்கள்தானே நிறைந்திருப்பார்கள்?

வாரா வாரம் 'தொடரும்' என்ற சொல்லைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுப் பழகிய நம் நேயர்கள், இந்த வழக்கில் எந்தக் கட்சி என்று அறிய ஆவலாயிருக்கிறேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் இன்னும் சமரசம் ஏற்படவில்லை. சென்ற மாதம் நண்பர், ஆறாம் பாகம் வருமுன் பழைய கதை மறந்துவிடக் கூடாதென்று முதற் பாகத்திலிருந்து மறுபடி படிக்கத் தொடங்கியிருக்கிறார். ஐந்து பாகமும் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். வராத புஸ்தகத்துக்கு எதற்காக இந்தச் சிரமம் என்று கணித அம்மாள் கேட்டதற்கு அவர் பதில் சொல்லவில்லை. இப்போது மூன்றாம் பாகத்தில் அந்தக் கல்யாண விருந்து நடக்கும் அத்தியாயத்துக்கு வந்திருக்கிறார். எழுதுகிறபோது தமக்கே பொறுக்க முடியாமல், புஸ்தகம் முழுவதையும் முடித்த பிறகே மார்ட்டின் எழுதிய அத்தியாயம் அது. நேற்று மத்தியான்னம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு படித்தவர், மணி அடித்த பிறகும் எழுந்திருக்கவில்லை. அவருடைய வகுப்புக்குக் கணித அம்மாள்தான் போனார்.